கேள்வி யாருக்குச் சொந்தம்?

தமிழில் கல்விக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சொல் உட்கார்ந்திருக்கும். அது கேள்வி. 'கல்வி கேள்விகளில் சிறந்தவர்' என்று மேடையில் பாராட்டுகிறார்கள். வாத்தியாரிடம் படித்ததைப் பழைய தலைமுறை 'பாடம் கேட்டேன்' என்றுதான் சொல்லும். வள்ளுவர் கேள்விக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கினார். அறிவு என்பது காது வழியாக உள்ளே போகிறது என்று இந்தச் சமூகம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறது. அந்தக் காது யாருடைய காது என்பதை மட்டும் வெளியே பேசுவதில்லை.

சாஸ்திரம் எழுதியவர்கள் அதை வெளிப்படையாகவே பேசினார்கள். வேதம் ஓதுவதை வேண்டுமென்றே கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையோ அரக்கையோ உருக்கி ஊற்று என்கிறது கௌதம தர்மசூத்திரம். அதாவது கேட்டதற்குத் தண்டனை, இனிமேல் கேட்கவே முடியாமல் ஆக்குவது. மனுவின் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொத்தில் பங்கு கிடையாதவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. சாதியிலிருந்து தள்ளப்பட்டவன், பிறவிக் குருடன், செவிடன், பித்தன், ஊமை எல்லோரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். தீண்டாமையின் தத்துவமும் உடல்குறையை இழிவாகப் பார்க்கும் தத்துவமும் ஒரே ஓலையில், ஒரே எழுத்தாணியால் எழுதப்பட்டவை. இதை நாம் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

இரண்டுக்கும் கொடுக்கப்படும் காரணமும் ஒன்றுதான். 'போன சென்மத்துப் பாவம்.' சேரியில் பிறந்ததற்கும் அதுதான் காரணம், காது கேளாமல் பிறந்ததற்கும் அதுதான் காரணம். முதலாவதை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று நூறு ஆண்டுகளாகச் சண்டை போடுகிறோம். இரண்டாவதை நம்ம தெருவிலேயே, நம்ம கிழவிகள் வாயிலேயே கேட்டுக்கொண்டு சும்மா போகிறோம். 'என்ன பாவம் பண்ணுனாளோ, இப்பிடி ஒரு புள்ள' என்று ஒரு தாயைப் பார்த்துச் சொல்லும்போது மனு நம் தெருவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து விடுகிறான்.

காது கேளாமையில் பாதிக்கதை தலைவிதி சம்பந்தப்பட்டதே இல்லை. காதில் சீழ் வடிகிற பிள்ளையை நாள்கூலி வீட்டில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிகிறதா? ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு. தேங்காயெண்ணெய் விட்டு, பஞ்சு வைத்து, நாள் கடத்தி, செவிப்பறை ஓட்டையாகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் தறிச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டிப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஆத்தாள் தார் போடுகிறாள். திருச்செங்கோட்டிலிருந்து நாடெல்லாம் போகிற போர்வெல் வண்டியில் வேலை செய்கிறவன் நாற்பது வயதில் 'ஆங்? என்ன?' என்று கேட்கிறான். கர்ப்பத்தில் தாய்க்கு வரும் அம்மைக் காய்ச்சல், சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்வது என்று காரணங்கள் இன்னும் உண்டு. இவற்றில் எதற்கும் முற்பிறவிக்கும் தொடர்பில்லை. கூலிக்கும், வேலையிடத்துக்கும், ஆஸ்பத்திரி இருக்கும் தூரத்துக்கும்தான் தொடர்பு.

இனி வகுப்பறைக்குள் போவோம்.

காது கேளாத ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு வகுப்பறையில் என்ன வேண்டும்? பெரிய பட்டியல் எதுவும் இல்லை. வாத்தியார் முகம் தெரிகிற இடத்தில் உட்கார வேண்டும். வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசக் கூடாது. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் எல்லார் முகத்தையும் பார்க்கிற மாதிரி வட்டமாக உட்கார வேண்டும். ஒருநேரத்தில் ஒருவர் பேச வேண்டும். படம் வேண்டும், தொட்டுப் பார்க்கப் பொருள் வேண்டும், நடித்துக் காட்ட வேண்டும். கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கையால் பேசுகிற ஒரு மொழி அந்த அறையில் புழங்க வேண்டும்.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருதரம் வாசித்துப் பாருங்கள். முன்வரிசை. முகத்துக்கு முகம். வட்டம். தொடுதல். இவற்றில் எது நமக்கு மறுக்கப்படாமல் இருந்தது? சதாராவில் அம்பேத்கர் என்ற சிறுவன் வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துணி கொண்டுபோய் மூலையில் போட்டு உட்கார்ந்தான். பியூன் மேலே இருந்து ஊற்றினால் தண்ணீர், இல்லாவிட்டால் தாகம். இங்கே சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் 1995இல் ஒரு தலித் சிறுமி, ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளுக்கான தண்ணீரைத் தொட்டாள் என்று ஆசிரியர் அடித்ததில் ஒரு கண் பார்வையை இழந்தாள். நாமக்கல்லில் 2015இல் நகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு அருந்ததியர் சிறுவன் ஒருவனை மலத்தை அள்ள வைத்ததாக வழக்காகி, ஆசிரியை கைதானார். பின்வரிசையும், எட்டி நின்று வீசும் குச்சியும், தொடாத கையும்தான் சாதியின் வகுப்பறை.

பின்வரிசையில், கதவோரத்தில், வாத்தியார் பார்வையே படாத இடத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் பாடம் கேட்காது. சாதி, கேட்கிற காதையும் கேளாத காதாக்கி அனுப்புகிறது. ஈயம் காய்ச்ச வேண்டிய வேலை கூட இல்லை. காது கேளாத பிள்ளைக்கு வகுப்பறையைத் திருத்துவது என்பது ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குக் காட்டும் இரக்கம் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி திருத்தப்பட்ட வகுப்பறையில் சாதிக்கு உட்கார இடமே இருக்காது.

தமிழ்நாட்டில் இது பாதி நடந்தும் இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியிலிருந்து எடுத்த முறை அது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. வாத்தியாரும் தரையில் உட்கார்ந்தார். பாடம் அட்டைகளாகப் பிரிந்தது, சுவரில் ஏணிப்படம் தொங்கியது. பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து போகலாம். பிள்ளைகள் எழுத, அவர்கள் உயரத்துக்குக் கீழே கரும்பலகை. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' அதே திசையில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் செயல்பாடுகளைக் கொடுத்தது.

நம்ம ஆட்களிடமிருந்தே இதற்கு ஒரு எதிர்ப்பு வந்தது. 'எங்க காலத்துல நாங்கதான் தரையில உக்காந்தோம். இப்ப எம்புள்ளயயும் தரையிலயா?' இந்தக் கோபத்தைக் கேலி செய்யக் கூடாது. சாக்குத் துணியின் நினைவு அதில் இருக்கிறது. ஆனால் ஒருவனை மட்டும் தரையில் உட்கார வைப்பதும், வாத்தியார் உட்பட அத்தனை பேரும் தரைக்கு வருவதும் ஒன்றாகுமா? முன்னது தள்ளி வைப்பது. பின்னதில் மேடு பள்ளம் இல்லை. முன்வரிசை பின்வரிசை இல்லாத வட்டத்தில் சாதிக்குத் தன் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது. ஆதிக்கச் சாதிக்காரர்கள் பலர் பிள்ளைகளை மஞ்சள் வண்டி ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்பியதில் ஆங்கில மோகம் மட்டும்தான் இருந்ததா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

எதிர்த் திசையில் நம்ம நாமக்கல்லே ஒரு கல்வியைக் கண்டுபிடித்தது. கோழிப்பண்ணைக்குப் பேர் போன மாவட்டத்தில் பள்ளிகளுக்கும் சனங்கள் அதே பேரை வைத்தார்கள், 'பிராய்லர் பள்ளி' என்று. கூண்டு மாதிரி விடுதி, விளக்கு அணையாத இரவு, மனப்பாடம், பரிட்சை, மறுபடி மனப்பாடம். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். மாநில ரேங்க் வரிசையாக வந்தது. 2017இல் நீட் வந்தபிறகு அதே கூண்டுக்கு வேறு பெயர்ப்பலகை. இந்தக் கல்வியில் பிள்ளை என்பது காதும் கையும். காதில் ஊற்றியதைக் கை தாளில் இறக்க வேண்டும். நடுவில் கேள்வி கேட்கக் கூடாது. இதில் மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கே இடம் இல்லாதபோது காது கேளாத பிள்ளைக்கு எங்கே இடம்?

இங்கே ஒரு அறக்கேள்வி நேராக நிற்கிறது. நல்ல மனசுள்ள வாத்தியார்கள் சொல்கிறார்கள்: 'நான் எந்தப் பிள்ளையையும் வித்தியாசமா பார்க்கறதில்லைங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நடத்துறேன்.' இது பொய்யில்லை. ஒரே குரலில், ஒரே வேகத்தில், ஒரே பாடத்தை அறுபது காதுகளுக்கும் நடத்துகிறார். அதில் இரண்டு காது கேளாத காது. ஒரே மாதிரி நடத்தியதாலேயே அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே நடத்தப்படவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே ஒரு அநியாயம் நடந்து முடிகிறது.

இந்த வாதம் நமக்குப் புதிதா? 'தகுதி எல்லோருக்கும் பொது' என்று சொன்னவர்களுக்கு நாம் கொடுத்த பதில் என்ன? ஏற்றத்தாழ்வான தரையில் எல்லோருக்கும் ஒரே கோடு போடுவது சமத்துவம் ஆகாது என்றோம். அட்டவணைச் சாதிகளுக்குள்ளேயும் பின்தங்கியவர் உண்டு என்று அருந்ததியர் கேட்டபோது 2009இல் மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அப்படிப் பிரித்துக் கொடுப்பது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொன்னது. ஒடுக்கப்பட்டோருக்குள் அதிகம் ஒடுக்கப்பட்டோர் உண்டு என்ற நியாயத்தை இந்தச் சேலம் நாமக்கல் மண்ணைவிடத் தெளிவாக வேறு எங்கே பேசினார்கள்? அந்த நியாயம் காது கேளாத நம் பிள்ளையின் வாசலில் வந்து நின்றுவிடக் கூடாது. 'சாதிப் பிரச்சினையே இன்னும் முடியல, இதுல இது வேறயா தோழர்?' என்று கேட்கிறவருக்கு ஒன்று சொல்லலாம். 'பசிப் பிரச்சினையே முடியல, இதுல சாதி வேறயா?' என்று ஒருகாலத்தில் நம்மைப் பார்த்துக் கேட்டவர்களின் வாக்கியம்தான் இது.

அடுத்தது மொழி. இந்தச் சமவெளியில் அருந்ததியர் வீடுகள் பலவற்றில் அடுப்படி மொழி தெலுங்கு. பள்ளிக்குள் நுழைந்தால் தமிழ். தமிழிலும் புத்தகத் தமிழ். 'என்னடா ஒளர்ற?' என்று முதல்நாளே அந்தப் பிள்ளையின் நாக்கு அவமானப்படுகிறது. அதே வீட்டில் காது கேளாத பிள்ளை ஒன்று பிறந்தால் அதற்கு வீட்டுத் தெலுங்கும் இல்லை, தெருத் தமிழும் இல்லை. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் சாப்பாடு, தண்ணி, தூக்கம் என்று பத்துப் பதினைந்து சைகைகள்தான் இருக்கும். 'அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கும் சார், தொந்தரவே கிடையாது' என்று சொல்லும் தாய் பிள்ளையைப் பாராட்டித்தான் சொல்கிறாள். மொழி தானாக ஊறுகிற முதல் ஐந்தாறு வருடம் அந்த மூலையிலேயே கரைந்து போகிறது.

அரசு காப்பீட்டில் சிறு பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். நல்ல காரியம், கேட்டு வாங்க வேண்டியதும் கூட. ஆனால் கருவி பொருத்திய பிறகு வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். பேட்டரி, ஒயர், ரிப்பேர் என்று செலவு பின்னாலேயே வரும். செங்கல் சூளைக்கு ஆறு மாதம் குடும்பத்தோடு போகிறவள் என்ன செய்வாள்? கருவி வேலை செய்கிறதோ இல்லையோ, கை மொழி எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

அந்தக் கை மொழிக்கும் ஒரு தீண்டாமை வரலாறு உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியாளர்கள் உலக மாநாடு கூட்டினார்கள். வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகையைப் பள்ளியிலிருந்து நீக்கு என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அதன்பிறகு பல நாடுகளில் பிள்ளைகளின் கையில் அடி விழுந்தது. அந்தத் தீர்மானத்துக்கு அதே மாநாட்டு மரபினர் வருத்தம் தெரிவிக்க 2010 வரை, 130 ஆண்டுகள் ஆனது. யாரைப் பற்றிய முடிவோ அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த முடிவு எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய் உயர்ந்தது, கை தாழ்ந்தது என்ற எண்ணமும் நமக்குத் தெரியாததா? வாயால் ஓதியவன் மேலே, கையால் தோலைப் பதனிட்டவன், செருப்புத் தைத்தவன், மண் வெட்டியவன் கீழே என்று அடுக்கி வைத்த நாட்டில் கையால் பேசுகிறவனை மனிதனாக மதிப்பார்களா?

சைகை என்பது இலக்கணமுள்ள முழுமையான மொழி என்று 1960இல் வில்லியம் ஸ்டோக்கி நிறுவினார். அதற்கு உயிருள்ள சாட்சி நிகரகுவாவில் கிடைத்தது. அங்கே 1970களின் கடைசியிலும் புரட்சிக்குப் பிறகும் மனாகுவா நகரப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாக ஒன்று சேர்த்தார்கள். வாத்தியார்கள் உதட்டசைவைச் சொல்லிக் கொடுத்தார்கள், அது ஏறவில்லை. பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் பஸ்ஸிலும் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து கலந்து, சில வருடங்களில் ஒரு புது மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். அறிஞர்கள் பிறகுதான் வந்து எழுதிக்கொண்டார்கள். தனித்தனி வீட்டு மூலையில் கிடந்தபோது 'ஊமை'கள். ஒன்று கூடியதும் ஒரு மொழியின் மூதாதைகள். சேர்ந்து நின்றால்தான் பேச்சு பிறக்கும் என்பதை நம் இயக்கத்துக்கு இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

அமெரிக்காவின் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் கதை இன்னும் வேறு. பரம்பரையாகக் காது கேளாதவர்கள் நிறையப் பிறந்த ஊர்களில், இருநூறு வருடத்துக்கும் மேலாகக் காது கேட்கிறவர்களும் சைகை மொழி பேசினார்கள். அங்கே அது ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை. பெரும்பான்மை கொஞ்சம் சிரமப்பட்டு ஒரு மொழி கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். எப்போதும் சிறுபான்மையே மாற வேண்டும் என்பது எந்த அறம்?

நம் இயக்கத்தின் மொழியையும் இங்கே நிறுத்தி விசாரிக்க வேண்டும். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'மூக்நாயக்', ஊமையரின் தலைவன். வாய் பொத்தி நிற்க வைக்கப்பட்ட மக்களுக்கு அன்று அது சாட்டையடி போன்ற பெயர். அந்தப் பெயரின் வரலாற்றுப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் நூறு ஆண்டு கழித்தும் 'குரலற்றவர்களின் குரல்', 'ஊமைச் சனங்கள்', 'செவிட்டு அரசு' என்றே நாம் முழங்க வேண்டுமா? அரசு செவிடு இல்லை. நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சும்மா இருக்கிறது. அதன் அயோக்கியத்தனத்துக்கு ஒரு பிள்ளையின் உடம்பை உவமையாக்குவானேன்? நம் சாதிப் பெயரை வசவாக்கியவர்களை நாம் மன்னிக்கவில்லையே.

இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. தலித் எழுத்து என்பதே சாட்சியம். நடந்ததை நடந்தபடி, பட்டவர் வாயாலேயே சொல்வது. காது கேளாத ஒரு தலித் சிறுமிக்குக் காட்டில், தறிப்பட்டறையில், விடுதியில் ஏதோ ஒன்று நடந்துவிட்டது என்று வையுங்கள். சிறார் பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிள்ளையின் வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ அழைக்கலாம் என்கிறது. மொழிபெயர்க்க முதலில் மொழி வேண்டுமே! ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு மொழி கொடுக்காத பள்ளி, பின்னால் வரும் ஒவ்வொரு குற்றவாளிக்கும் முன்கூட்டியே ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டது. 'அதுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது' என்ற தைரியத்தில்தான் கை வைக்கிறான். வகுப்பறையில் விளையாட்டாகச் சொல்லித்தரும் பத்துச் சைகைகளுக்கு இருக்கும் கனம் இதுதான். யார், எங்கே, எப்போது, வேண்டாம், வலிக்குது, ஏன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் சேர்த்து, பயிற்சி கொடுத்து நியமிக்கச் சொல்கிறது. தில்லியில் 2015இல் அமைந்த இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2021க்குள் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதி செய்தது. கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, கற்பதற்கு அகராதி இருக்கிறது. ஒன்றிய வள மையத்திலிருந்து எப்போதாவது வந்துபோகும் சிறப்பாசிரியர் போதாது என்று கேட்கிற குரல்தான் இல்லை.

அரசிடம் கேட்பது ஒருபக்கம். நம் வளவுகளில், காலனிகளில் நாம் நடத்துகிற இரவுப் பள்ளிகளில் நாளைக்கே செய்யக் கூடியவை இருக்கின்றன. வட்டமாக உட்காருங்கள், விளக்கு பேசுகிறவர் முகத்தில் விழட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சைகைப் பெயர் வையுங்கள், பிள்ளைகளே வைக்கட்டும், உடல்குறையையோ சாதியையோ குத்தும் பெயர் மட்டும் கூடாது. வருகைப் பதிவை அந்தப் பெயரால் எடுங்கள். கதையை முதலில் வாய் திறக்காமல் நடித்துக் காட்டி, என்ன நடந்தது என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள், வாயாலோ கையாலோ. மரவள்ளிக் கிழங்கு, சேகோ ஆலை, தறி, லாரி, சூளை என்று தெரிந்த உலகத்தைப் படமாக வரைந்து சைகையோடு சேருங்கள். காது கேளாத இளைஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவரையே ஆசிரியராக்குங்கள்.

பறையையும் தப்பையும் வகுப்புக்குள் கொண்டு வாருங்கள். அதன் அதிர்வு காதுக்கு மட்டுமானதில்லை. நெஞ்சில் இடிக்கும், கால் வழியாக ஏறும். காது கேளாத பிள்ளை தோலில் உள்ளங்கையை வைத்துத் தாளத்தை எண்ணும். ஆனால் ஒரு நிபந்தனை. அடிக்கிற வேலை எந்த ஒரு பிள்ளைக்கும் நிரந்தரமாகப் போகக் கூடாது. ஊருக்குள் இருக்கும் பொதுப்பள்ளியில் இதைச் செய்தால், கவுண்டர் வீட்டுப் பிள்ளையும் முறைபோட்டு அடிக்கட்டும். இல்லாவிட்டால் பாடம் என்ற பெயரில் பழைய அடிமைத் தொழிலையே சொல்லிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

கேள்வி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கேட்டுக்கொள்வதும் கேள்வி, எதிர்த்துக் கேட்பதும் கேள்வி. முதல் பொருளை மட்டுமே வைத்துக்கொண்டு காலம் காலமாக நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார்கள். இரண்டாவது பொருளுக்குக் காது தேவையில்லை. ஒரு மொழியும், நாலு பேர் முகமும், பயப்படாத கையும் போதும். அதைக் கொடுக்கிற வகுப்பறை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நம் பிள்ளைகளைச் சேர்ப்போம். இல்லாத ஊரில் நாமே தொடங்குவோம்.